ஒரு கட்டு இருபத்தஞ்சு: குடியாத்தத்துப் பாட்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

காட்பாடியில் ஒரு மாடியறையில் ஒலிப்பதிவு செய்து பிழைக்கிறேன். பக்திப் பாட்டு, கல்லூரிப் பிள்ளைகளின் குறும்படத்துக்கு டப்பிங், கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை என்று ஓடுகிறது பிழைப்பு. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிற ஆட்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் வந்தால் அதிகம். அப்படி வந்த ஒருவரோடு ஒரே ஒரு பாட்டுக்காக எட்டு மாதம் உட்கார்ந்தேன். அந்தப் பாட்டு எங்கே தடம் மாறியது, எப்படித் திரும்பி வந்தது என்பதை எழுதி வைக்கலாமா என்று அவரிடமே கேட்டேன். எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஆகவே பாடகி என்றே குறிப்பிடுகிறேன்.

இந்த எட்டு மாதத்தில் எனக்கு உறுதியான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'உங்களைப் பாதித்தவர்கள் யார்' என்று கேட்டால் பாடகர்கள் ஒரு பட்டியல் தருவார்கள். அது பொய்யான பட்டியல் இல்லை. ஆனால் அதை வைத்து அவர்கள் பாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. சொல் இன்னும் வராத நேரத்தில், வெறும் மெட்டை முணுமுணுக்கும்போது வாயில் என்ன ஓசை வருகிறது என்று கேட்க வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

வந்தபோது கையில் இருந்தவை

பாடகிக்குச் சொந்த ஊர் குடியாத்தம். அம்மா பீடி சுற்றுகிறார். பாடகி வேலூரில் ஓர் ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிறார். கிட்டார் கற்றது முறையான வகுப்பில் இல்லை. படிக்கும்போது விடுதியில் கூட இருந்த மிசோரம் தோழி சொல்லிக்கொடுத்தது. வேலூர்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்காது. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்களை இங்கே கொண்டுவந்து சேர்க்கிறது. காந்தி ரோட்டில் வங்காள எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டே நடக்கலாம். மாலையில் ஏதாவது ஒரு மாடியில் கிட்டார் சத்தம் கேட்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு முதல் கார்ட்ஸ் இப்படித்தான் கைக்கு வந்தது.

முதல் நாள் அவர் தந்த பட்டியலில் இளையராஜா, ரகுமான், அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மன் இருந்தார்கள். கூத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருப்புகழைப் பற்றியும் இல்லை. இரண்டும் மூன்றாவது மாதத்தில்தான் வெளியே வந்தன.

பாட்டு அம்மாவைப் பற்றியது. பீடிக் கணக்கு. 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம், கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரை மடியில் முறம். பல்லவியின் முதல் வரி வந்த அன்றே முடிவாகிவிட்டது: 'ஒரு கட்டு இருபத்தஞ்சு'. மெட்டும் தயாராக இருந்தது. ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நான்கு கார்ட்ஸ், நிமிடத்துக்கு 92 அடி, நான்கு நான்காக எண்ணும் தாளம். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. நானும் ஆசையாகப் பின்னணியில் கீபோர்டு சேர்த்து, எதிரொலி போட்டு, இரண்டே வாரத்தில் ஒரு மாதிரிப் பதிவு செய்து கொடுத்தேன். அவர் ஊருக்குப் போய் அம்மாவிடம் போட்டுக் காட்டினார்.

அம்மா முழுவதும் கேட்டுவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "எந்தக் காட்டப் பத்தி பாடற?"

கட்டு காடானது

அந்தக் கேள்வியோடு பாடகி திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது. பதிவை மறுபடி ஓடவிட்டோம். அம்மா சொன்னது சரி. மெட்டில் நீளமான சுரம் 'கட்டு' என்ற சொல்லில் விழுந்தது. பாடகி அதை இழுத்தார். 'கட்டு' இழுபட்டு 'காட்டு' ஆகிவிட்டது. அடுத்த சொல்லில் 'இரூபத்தஞ்சு' என்று ரு வேறு நீண்டிருந்தது. எழுதியவருக்கும் பதிவு செய்தவனுக்கும் வரி முன்பே தெரியும் என்பதால் காதில் சரியாகவே விழுந்திருக்கிறது. புதிதாகக் கேட்டவருக்குக் காடுதான் கேட்டது.

தமிழில் குறிலை இழுத்தால் அழகு குறைவதோடு முடிவதில்லை, சொல்லே மாறிவிடும். படி பாடி ஆகும், கல் கால் ஆகும். ஆங்கிலப் பாட்டில் ஓர் உயிரெழுத்தை எவ்வளவு இழுத்தாலும் பெரும்பாலும் சொல் தப்பித்துவிடும். அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த கை, நீள சுரம் எங்கே இனிமையோ அங்கே வைக்கப் பழகியிருக்கிறது. பாடகியின் போனில் இருந்த பழைய பதிவுகளை எல்லாம் அன்று உட்கார்ந்து கேட்டோம். பேருந்தில், குளியலறையில், ஆய்வகத்தின் மாடிப்படியில் முணுமுணுத்தவை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி 'லா லா லா' என்றே பாடியிருந்தார். லா நெடில். நெடிலை மட்டும் வைத்து மெட்டுக் கட்டினால் அதில் குறிலுக்கு இடமே கிடையாது. பிறகு உட்காரும் தமிழ்ச் சொல் எல்லாம் இழுபட்டே தீரும்.

சினிமாவில் தத்தகாரம் என்பார்கள். பாட்டெழுதுபவருக்கு மெட்டின் அளவைக் காட்ட இசையமைப்பாளர் 'தன்னானே தனனா' என்று பாடிக் கொடுப்பது. அதில் த குறில், தா நெடில், தந், தன் எல்லாம் ஒற்றோடு வருபவை. மெட்டு பிறக்கும்போதே சொல்லுக்கான அச்சும் கூடவே வந்துவிடும். "லாலாவை விட்டுவிட்டுத் தனனவில் முணுமுணுத்துப் பாருங்கள்" என்று சொன்னேன். ஏதோ நான் கண்டுபிடித்ததுபோலச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணா, இது எனக்குச் சின்ன வயசுலயே தெரியும்" என்றார்.

வள்ளிமலை

பாட்டி வழியில் வந்த பழக்கம். பாட்டியின் திருப்புகழ்ச் சபையோடு சிறு வயதில் வள்ளிமலைக்குப் போயிருக்கிறார். பொன்னைப் பக்கம் இருக்கும் அந்த மலையில் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் உண்டு. நம் காலத்துக்குப் பக்கத்தில் வள்ளிமலை சுவாமிகள் திருப்புகழைத் தெருத்தெருவாகக் கொண்டு சேர்த்ததும் அங்கிருந்துதான். திருத்தணியில் டிசம்பர் 31 இரவு படிக்கொரு பாட்டுப் பாடி ஏறுகிற வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அந்தச் சபையில் குழந்தைகளுக்கு முதலில் பாட்டின் சொல்லைச் சொல்லித் தரமாட்டார்களாம். புத்தகத்தில் பாட்டுக்கு மேலே அச்சிட்டிருக்கும் சந்தத்தைத்தான் கையால் தொடையில் தட்டிச் சொல்லச் சொல்வார்கள். தனன, தந்த, தத்த, தான. நாக்கு அதில் பழகிய பிறகுதான் பாட்டு.

பக்தி வேறு, தன் பாட்டு வேறு என்று நினைத்து அதைத் தனியே மடித்து வைத்திருக்கிறார். பட்டியலில் வராமல் போனதற்குக் காரணம் இதுதான். எனக்குத் தெரிந்த பலர் இப்படித்தான் இருக்கிறார்கள். கோயிலில், மாதாகோயிலில், தர்காவில் கற்ற சங்கதி கழுத்துவரை இருக்கும். பேட்டி என்று வந்தால் கேசட்டில் கேட்டதை மட்டும் சொல்வார்கள்.

அடுத்த வாரம் ஒரு வேலை செய்தோம். அம்மா கட்டு எண்ணும்போது பாடகி எதற்காகவோ போனில் பிடித்த பதிவு ஒன்று இருந்தது. அம்மா பாடவில்லை, வாய்விட்டுக் கணக்குச் சொல்கிறார், அவ்வளவுதான். அதைச் சந்தமாக எழுதிப் பார்த்தோம். குறிலுக்கு ஒரு மாத்திரை. நெடிலுக்கும் ஒற்றோடு வரும் எழுத்துக்கும் இரண்டு.

ஒரு கட்டு: தன தத்த. ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. ஆக 5.
இருபத்தஞ்சு: தனதத்தந்த. ஒன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. ஆக 7.

மொத்தம் 12. சரி, தற்செயல் என்று நினைத்தோம். அம்மா அடுத்து சொன்னது 'நாப்பது கட்டு ஆயிரம்'. நாப்பது கட்டு, 7. ஆயிரம், 5. மறுபடியும் 12. முதல் வரி ஐந்தும் ஏழும், இரண்டாம் வரி ஏழும் ஐந்தும். யாரும் உட்கார்ந்து கட்டியதில்லை, கணக்குச் சொல்கிற வாய் தானாக வைத்துக்கொண்ட அளவு. அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

இதற்குத் தாளம் எப்படி வைப்பது? 12 மாத்திரையை மும்மூன்றாக நான்கு அடியில் வைத்தோம். அடிகள் 1, 4, 7, 10-ல் விழும். முதல் வரியில் 'இருபத்தஞ்சு' தொடங்குவது ஆறாவது மாத்திரையில், அதாவது மூன்றாவது அடிக்கு ஒரு மாத்திரை முன்னால். இரண்டாம் வரியில் 'ஆயிரம்' தொடங்குவது எட்டில், அதே அடிக்கு ஒரு மாத்திரை பின்னால். கிட்டார் நேராகப் போகிறது. குரல் ஒரு வரியில் அதை முந்துகிறது, அடுத்த வரியில் அதன் பின்னால் வருகிறது. பீடி சுற்றுகிற பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வெட்டுகிற கையும் சுற்றுகிற கையும் இப்படித்தான் ஒன்றையொன்று தேடிக்கொண்டே போகும்.

நான்கு கார்ட்ஸ் இரண்டானது. 92 என்று இருந்தது நிமிடத்துக்கு 76 அடியாக இறங்கியது. முதல் மெட்டில் பாடகிக்கு மிகவும் பிடித்திருந்த மேல் ஸ்தாயி இழுப்பு ஒன்று உண்டு. அது போயே போய்விட்டது. அதற்கு அவர் அழுதார். நான் தடுக்கவில்லை. உண்மையில் அது நல்ல இழுப்புதான், இந்தப் பாட்டுக்கு உரியது இல்லை, அவ்வளவே.

அளவு பிடிபட்ட பிறகு சரணம் எழுத மூன்று நாள்தான் ஆனது. பொழுது சாயும் இடத்தில் வருகிற இரண்டு வரி இவை:

பொழுதாச்சு விரல் நோவுது
எண்ணி வச்சது கொறஞ்சது

எண்ணிப் பாருங்கள், 5, 7, பிறகு 7, 5. 'கொறஞ்சது' என்பது கழிவு. தரம் பார்க்கிற இடத்தில் பிரித்துத் தள்ளிவிடுகிற பீடி. அதற்குக் கூலி கிடையாது. வேறு எதுவும் விளக்காமல் அந்த ஒரு சொல்லில் நிறுத்தியது பாடகியின் முடிவு. எனக்கு இந்தப் பாட்டிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பின்பாட்டு

பாட்டு இப்போது சரியாக நின்றது. ஆனால் தனியாக நின்றது. ஒரு குரல், ஒரு கிட்டார். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே என்ன வைப்பது என்று தெரியவில்லை. நான் சொன்ன யோசனைகள் எல்லாம் வேறு பாட்டுகளில் கேட்டவை.

பாடகியின் அப்பா வழிச் சொந்தங்கள் செய்யாறு பக்கம். 1989-ல் வடார்க்காடு இரண்டாகப் பிரிந்தபோது அந்தப் பகுதி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போனது. வேலூர் 2019-ல் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. கூத்துக்கு இந்த எல்லைகள் எதுவும் கிடையாது. கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் ஊரான புரிசை அந்தப் பக்கம்தான். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். பாடகி ஒவ்வொரு விடுமுறைக்கும் போய்ச் சாக்கு விரித்து உட்கார்ந்து, நடுச்சாமத்துக்கு மேல் தூங்கி, முகவீணை என்கிற சின்ன ஊதுகுழலின் சத்தத்தில் விழித்து வளர்ந்தவர்.

கூத்தில் வேஷக்காரர் ஒரு வரியைப் பாடி முடித்ததும் பின்னால் நிற்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். பின்பாட்டு. அந்த நேரத்தில் வேஷக்காரர் சுற்றி ஆடுவார், மூச்சு வாங்குவார். வரி திரும்ப வரும்போது வேறு குரலில், கொஞ்சம் கரகரப்பாக, இன்னும் உரக்க வரும். ராஜா சொன்னதை ஊர் சொல்வதுபோல இருக்கும். "பாட்டுல அம்மா தனியா எண்ணக்கூடாது. தெருவே எண்ணணும்" என்றார் பாடகி. அந்த இரவு இடையிசை பற்றிய பேச்சு முடிந்தது. 'ஆயிரம்' என்ற சொல்லை மட்டும் பெண்குரல்கள் திருப்பி வாங்குவது என்று முடிவானது. பாடியது அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவரும்.

முகவீணை வேண்டும் என்பதும் அவர் கேட்டதே. கூத்து வாத்தியார் ஒருவர் செய்யாறிலிருந்து பேருந்தில் வந்தார். எழுபதை ஒட்டிய வயது. மஞ்சள் பையில் துணி சுற்றி ஒரு முழத்துக்கும் குறைவான குழல். சீவாளியை எச்சிலில் நனைத்து நனைத்து ஐந்து நிமிடம் பதம் பார்த்தார். ஊதியதும் எங்கள் அறை போதவில்லை. மைக்கை எட்டு அடி தள்ளி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த பிறகுதான் ஒலி உடையாமல் நின்றது.

சிக்கல் சுருதியில். கிட்டாரை ஐந்து கட்டைக்கு வைத்திருந்தோம். அவர் வாத்தியம் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் நின்றது. கொஞ்சம் இறக்கி ஊத முடியுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கோபப்படவில்லை.

"என் சீவாளி சொல்றதுதாம்பா சுதி. உன் கம்பிதான் திருகினா திரும்புதே, அதத் திருப்பு" என்றார்.

திருப்பினோம். ஆறு கம்பியையும் அவர் சுருதிக்கு ஏற்றி, பாடகி அதற்குப் பாடினார். பாட்டு இன்று எந்தக் கீபோர்டோடும் சேராத ஒரு சுருதியில் இருக்கிறது. மேடையில் பாட ஒவ்வொரு தடவையும் கிட்டாரைத் தனியாகச் சுருதி கூட்டத்தான் வேண்டும். அந்தச் சிரமத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்.

பதிவு

இதில் சொல்ல அதிகம் இல்லை. மே மாதம், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாட வேண்டும். வேலூர் வெயிலில் மூடிய அறையில் பத்து நிமிடத்துக்கு மேல் யாராலும் முடியாது. காட்பாடியில் சரக்கு ரயில் போகும்போது தரை வழியாக ஏறும் அதிர்வை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிச் சமாளித்தேன்.

கத்தரிக்கோல் சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பாட்டில் மத்தளம் இல்லை, டிரம்ஸ் இல்லை. தாளமாகக் கேட்பது அம்மா பீடி இலை வெட்டும் சத்தம். குடியாத்தம் வீட்டுத் திண்ணையிலேயே போய்ப் பிடித்தோம். அந்தத் தெருவில் லுங்கித் தறி ஓடுகிற வீடு உண்டு. மதியச் சாப்பாட்டுக்குத் தறி நிற்கிற அரை மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைத்தது. ஊறவைத்து ஈரச் சாக்கில் சுற்றிய இலையை எடுத்து, தகட்டை அதன் மேல் வைத்து, சுற்றி நான்கு வெட்டு. காய்ந்த இலை என்றால் சத்தம் நொறுங்கும். ஈர இலையில் துணி வெட்டுவதுபோல மெத்தென்று வந்து, கடைசியில் இரும்பு இரும்போடு சேரும்போது மட்டும் ஒரு 'க்ளிச்'. அந்த 'க்ளிச்'தான் பாட்டின் அடி.

இங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். பழக்க தோஷத்தில் கத்தரிச் சத்தத்தையும் பின்பாட்டையும் கணினியில் தாளக் கட்டத்துக்குள் இழுத்துச் சரிசெய்துவிட்டேன். எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்தது. பாட்டு செத்துவிட்டது. முந்துவதும் பிந்துவதும் போய், நான்கு பெண்கள் அணிவகுத்து நிற்பதுபோல் ஆனது. மறுநாள் எல்லாவற்றையும் கலைத்து, அவர்கள் பாடியபடியே வைத்தேன். சரி என்று நான் கட்டத்தை வைத்து முடிவு செய்வதை அன்றோடு விட்டேன்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தானே பாட்டு வெளியிடுகிறவர்கள் இதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதால். எழுத்தும் மெட்டும் பாடகியுடையவை. பதிவுக்குச் செலவு செய்தவர் அவரே, அதனால் பதிவும் அவருடையது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பாடியவர்களுக்கும் வாசித்தவர்களுக்கும் தங்கள் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை தெளிவாக இருக்கிறது. முகவீணை வாத்தியாருக்கும் பின்பாட்டுப் பெண்களுக்கும் அன்றே கூலி கொடுத்து, வருமானம் வந்தால் எவ்வளவு பங்கு என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அம்மாவும் போட்டார். மகளுக்கு எதற்கு என்றார் முதலில். "பீடித் தொழிலாளி அட்டை மாதிரி வச்சுக்கம்மா" என்றதும் வாங்கிப் பத்திரப்படுத்தினார்.

கடைசிக் கட்டு

பாட்டின் முடிவை பாடகி முப்பத்தொன்பதாவது கட்டில் வைத்திருந்தார். நாற்பதாவது கட்டுக்கு முன்பே குரல் நின்றுவிடும், கத்தரி மட்டும் இரண்டு தடவை விழும், அவ்வளவுதான். கேட்பவர் மனதில் அந்தக் குறை நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எனக்கும் மிகவும் பிடித்திருந்தது. மிக்ஸிங் முடித்துவிட்டோம், வெளியிடும் தேதியும் குறித்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போய், திண்ணையில் ஸ்பீக்கர் வைத்து, பாடிய பெண்களுக்குப் போட்டுக் காட்டினோம். கட்டு கட்டாகவே கேட்டது, காடு இல்லை. ஒருவர் கேட்டுக்கொண்டே கை நிறுத்தாமல் சுற்றினார். முடிந்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்புறம் அம்மா கேட்டார்.

"மீதி ஒரு கட்டு எங்க?"

பாடகி விளக்கினார். அம்மா பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீ என்ன சொல்ற, புரியுது. ஆனா முப்பத்தொம்போது கட்டோட ஒரு நாளாச்சும் நான் எழுந்ததில்ல. ஒடம்பு முடியலன்னாலும் விளக்கு வச்சிகினு முடிச்சிட்டுத்தான் எழுவேன். நாலு பேருக்கு நடுவுல முடிக்காதவன்னு ஏன் என்ன நிறுத்தற?"

மற்ற மூன்று பெண்களும் ஆமாம் என்றார்கள்.

அடுத்த ஞாயிறு மைக்கோடு மறுபடி போனோம். தறி நின்ற அரை மணி நேரத்தில் நான்கு வரி சேர்த்துப் பதிவு செய்தோம். நாற்பதாவது கட்டை எண்ணுவது அம்மாவின் குரல்தான், பாடகியுடையது இல்லை. நூலை இழுத்து முடி போடுகிற சத்தம்கூட அதில் கேட்கும். பாட்டு 13 நொடி நீண்டது.